கார்பென்டர் கிடைக்கலையா? தட்டுப்பாடு ஆளுக்கா, வேலை கற்றுக்கொடுக்கும் வழிக்கா?

அலமாரிக் கதவின் கீல் ஒன்று கழன்று தொங்குகிறது. ஸ்க்ரூவை மறுபடி முடுக்கினால் பிடிக்கவில்லை, ஓட்டை பெரிதாகிவிட்டது. தெரிந்த கார்பென்டருக்கு போன் போட்டால், "சைட்ல இருக்கேன் சார், ஞாயித்துக்கிழமை வந்துடுறேன்" என்கிறார். எந்த ஞாயிறு என்று அவர் சொல்வதில்லை. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் "யார்கிட்டயாவது நல்ல கார்பென்டர் நம்பர் இருக்கா?" என்று கேட்டால் நான்கு எண்கள் வருகின்றன. அதில் இரண்டு ஒரே ஆளுடையது.

சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், புனே என்று எந்த நகரத்தில் கேட்டாலும் புலம்பல் ஒன்றுதான்: "இப்பல்லாம் வேலைக்கு ஆளே கிடைக்கிறதில்ல." ஆனால் அதே நகரத்தில் புதிதாகக் கட்டி முடித்த அடுக்குமாடிக்குள் போய்ப் பார்த்தால் தளத்துக்குத் தளம் ரம்பச் சத்தம் கேட்கிறது. உத்தரப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான், மேற்கு வங்கத்திலிருந்து வந்த குழுக்கள், வேலை நடக்கும் ஃபிளாட்டிலேயே தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, மாதக்கணக்கில் இன்டீரியர் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அப்படியானால் ஆள் இருக்கிறார்களா, இல்லையா?

இருக்கிறார்கள். ஒரு கீலுக்காக அரை நாளை விட்டுவிட்டு வரத்தான் ஆள் இல்லை. இது விலைப் பிரச்சினை, சமாளித்துவிடலாம். அதைவிடப் பெரிய பிரச்சினை, அடுத்த 15 ஆண்டுகளில் இந்த வேலையை யார், எங்கே, யாருடைய செலவில் கற்றுக்கொள்வார்கள் என்பது. இந்தியாவில் இன்று அந்தச் செலவை ஏற்க ஆளே இல்லை.

சதுர அடிக் கணக்கு

தச்சு வேலைக்கு எப்படிக் கூலி போடுகிறார்கள் என்று தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். முன்பு நாள் கூலிதான். இப்போது வீட்டு இன்டீரியர் வேலையில் பெரும்பாலும் சதுர அடிக் கணக்கு. அதுவும் முன்பக்க அளவு மட்டும். 7 அடி உயரம், 6 அடி அகலத்தில் ஒரு அலமாரி என்றால் 42 சதுர அடி. உள்ளே இரண்டு தட்டு வைத்தாலும் சரி, ஆறு டிராயரும் ஒரு ரகசிய அறையும் வைத்தாலும் சரி, அளவு நாடாவுக்குத் தெரிவது அதே 42தான். டிராயருக்குத் தனியாகப் பேசி வாங்குகிற சாமர்த்தியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இந்தக் கணக்கில் வேகத்துக்குக் காசு உண்டு, நுணுக்கத்துக்குக் கிடையாது. கதவின் விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளியில் உட்காரக் கூடுதலாக ஒரு மணி நேரம் செலவழித்தால், அந்த ஒரு மணி நேரம் கார்பென்டரின் சொந்த நஷ்டம். பக்கத்தில் நிற்கும் 18 வயதுப் பையனுக்கு இழைப்புளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தால் அதுவும் நஷ்டம்தான். அவன் கெடுக்கும் ஒவ்வொரு பலகையும் வாடிக்கையாளர் வாங்கிவைத்தது. 8-க்கு 4 ஷீட் ஒன்றைத் தவறாக அறுத்துவிட்டால் அன்றைய கூலி அதிலேயே போய்விடும். அதனால் உதவியாளராக வரும் பையன் பலகை தூக்குகிறான், ஃபெவிகால் தடவுகிறான், டீ வாங்கிவருகிறான். அறுப்பதும் பொருத்துவதும் மேஸ்திரிதான்.

வேகத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. நம்மூர் இன்டீரியர் தளங்களில் மேசை ரம்பத்தைப் பார்ப்பது அபூர்வம். டைல்ஸ், மார்பிள் வெட்டச் செய்த கையடக்கக் கட்டரில் மர பிளேடைப் போட்டு, சில இடங்களில் அதன் பாதுகாப்பு மூடியையும் கழற்றிவிட்டு, ஒரு பலகைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தினால் மேசை ரம்பம் ரெடி. இடையே விரல் போனால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று முன்கூட்டி யாரும் பேசுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து தூசி. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளையும், பிளைவுட், எம்டிஎஃப் பலகைகளின் பசையில் சேரும் ஃபார்மால்டிஹைடையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஜன்னல் சாத்திய அறையில் நாள் முழுக்க எம்டிஎஃப் அறுப்பவரின் முகத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு கைக்குட்டை.

கூலி குறைவாகப் பேசப்பட்டால் அந்தப் பணம் வேறு வழியில் வந்துசேர்கிறது. பிளைவுட் கடை, ஹார்டுவேர் கடை கொடுக்கும் கமிஷனும், பசை, லேமினேட் கம்பெனிகள் கார்பென்டர்களுக்காகவே நடத்தும் பாயின்ட் திட்டங்களும் இந்தத் தொழிலில் ஊரறிந்த ரகசியம். டப்பாவுக்குள் கூப்பன் இருக்கும், அதை ஸ்கேன் செய்தால் பாயின்ட் சேரும். "கார்பென்டர் கமிஷன் அடிக்கிறார்" என்று கோபப்படுகிறவர்கள், கூலியைச் சதுர அடிக்கு இருபது ரூபாய் குறைத்துப் பேசி ஜெயித்தவர்களாகவும் இருப்பார்கள். அந்த இருபது ரூபாய் பிளைவுட் பில்லில் திரும்பி வந்திருக்கும். யாருக்கு லாபம்? நிச்சயமாக வேலையின் தரத்துக்கு இல்லை.

மரம் போய் பலகை வந்தது

ஒரு தலைமுறைக்குள் இந்தத் தொழிலின் மூலப்பொருளே மாறிவிட்டது. 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவு, காட்டு மரம் வெட்டுவதையும் உரிமமில்லாத மர அறுவை மில்களையும் கட்டிப்போட்டது. வெளிநாட்டு மரம் பெருமளவு வரத் தொடங்கியது. அதில் முக்கியமான பர்மா தேக்குக்கும் 2014 ஏப்ரலில் சிக்கல் வந்தது. மியான்மர் அரசு முழு மரமாக ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்துவிட்டது. இன்னொரு பக்கம், விவசாயிகள் தோட்டத்தில் வளர்த்த பாப்லர், யூகலிப்டஸ், ரப்பர் மரங்களை நம்பி ஹரியானாவின் யமுனாநகர், கேரளாவின் பெரும்பாவூர் போன்ற ஊர்கள் பிளைவுட் நகரங்களாகின. காட்டுக்கு இது நல்லது, அதில் சந்தேகமில்லை.

கைக்கு என்ன ஆனது? ஒரு கட்டையில் துளை, இன்னொரு கட்டையில் நாக்கு, ஆணியே இல்லாமல் இறுக்குவது என்பது மரத்தின் நார் ஓடும் திசை தெரிந்தவர் செய்கிற வேலை. பலகைக்கு அது தேவையில்லை. அளவெடு, அறு, பசை தடவு, ஸ்க்ரூ அடி, மைக்கா ஒட்டு. கற்றுக்கொள்வது சுலபம், அதனாலேயே நிறையப் பேர் வேகமாக உள்ளே வர முடிந்தது. வந்தவர்களுக்கு அதற்கு மேல் ஏறப் படி இல்லை.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பிளைவுட்டுக்கு ஐஎஸ் 303 இருக்கிறது, தண்ணீர் படும் இடத்துக்கான மரைன் பிளைக்கு ஐஎஸ் 710 இருக்கிறது. ஜிஎஸ்டி வந்தபோது 28 சதவீத வரி போட்டு, நான்கே மாதத்தில், 2017 நவம்பரில், 18-க்கு இறக்கினார்கள். அவ்வளவு அக்கறையோடு பலகை கவனிக்கப்படுகிறது. அதை அறுக்கிறவரின் திறமைக்கு வாடிக்கையாளர் பார்த்துக் கேட்கிற முத்திரை எதுவும் இல்லை. ஏற்கெனவே வேலை தெரிந்தவரைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் திட்டம் மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்துக்குள் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வரும் கார்பென்டரிடம் "சர்டிஃபிகேட் காட்டுங்க" என்று கேட்டவர் யார்? "முன்னாடி செஞ்ச வேலையோட போட்டோ இருக்கா?" என்றுதான் கேட்கிறோம். அந்த போட்டோ யார் செய்த வேலை என்பது போட்டோவுக்குத்தான் தெரியும்.

தொழிற்சாலை ஒரு பக்கம், செயலி மறுபக்கம்

பெரிய முதலீடு இரண்டு வழியாக இந்தத் தொழிலுக்குள் வந்திருக்கிறது. ஒன்று, மாடுலர். லிவ்ஸ்பேஸ், ஹோம்லேன் போன்ற நிறுவனங்கள் கணினியில் வரைந்து, தொழிற்சாலையில் இயந்திரத்தால் அறுத்து, விளிம்பு ஒட்டி, பெட்டி பெட்டியாக வீட்டுக்கு அனுப்புகின்றன. 2018 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் ஐகியா கடை திறந்த பிறகு, அறைகலனைப் பிரித்து வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் பழகிவிட்டது. தூத்துக்குடியில் சர்வதேச அறைகலன் பூங்காவுக்கு 2022 மார்ச்சில் 1,156 ஏக்கரில் அடிக்கல் நாட்டினார்கள். தொழிற்சாலையில் தூசி உறிஞ்சும் கருவி இருக்கும், மாதச் சம்பளம் இருக்கும், பிஎஃப் இருக்கும். ஃபிளாட்டில் படுத்துறங்கி வேலை செய்வதோடு ஒப்பிட்டால் அது முன்னேற்றம்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால் அங்கே வேலை பார்ப்பவர் ஒரு இயந்திரத்தை இயக்குகிறார். வீட்டுக்கு வருபவர் பூட்டிவிட்டுப் போகிறார். முழு அலமாரியும் எப்படி நிற்கிறது என்று தெரிந்தவர் இருவருக்கும் நடுவில் காணாமல் போகிறார். ஐந்து வருடம் கழித்து சிங்க்குக்கு அடியில் பார்ட்டிகிள் போர்டு ஊறி உப்பும்போது, அந்தப் பெட்டியை மட்டும் கழற்றி, மேலே கிரானைட் இறங்காமல் தாங்கிப் பிடித்து, புதிதாக ஒன்று செய்து வைக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும். வாரன்டி முடிந்த பிறகு அவரைத் தேடி அதே வாட்ஸ்அப் குழுவுக்குத்தான் வர வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி செயலி. 2014-ல் தொடங்கி, 2025 செப்டம்பரில் பங்குச் சந்தையில் பட்டியலான அர்பன் கம்பெனி இதில் பெரிய பெயர். திரைச்சீலைக் கம்பி மாட்ட இவ்வளவு, பூட்டு மாற்ற இவ்வளவு என்று தச்சு வேலையைத் துண்டு துண்டாக்கி விலை ஒட்டிவிட்டார்கள். வாடிக்கையாளருக்கு நிம்மதி: பேரம் இல்லை, "ஞாயித்துக்கிழமை" இல்லை. கார்பென்டருக்கும் சின்ன வேலைக்குக் காசு கிடைக்கும் என்ற உறுதி உண்டு. தொங்கிய கீலுக்கு இப்போதைக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. என்ன, செயலியில் வருபவர் தனியாக வருகிறார். கூட ஒரு பையனை அழைத்துவந்து கற்றுக்கொடுக்க அந்த நிமிடக் கணக்கில் இடமில்லை.

ஒரே ஆள், மூன்று பெயர்

ஒரு கார்பென்டரின் வாரத்தை எடுத்துக்கொள்வோம். திங்கள், செவ்வாய் ஒரு பெரிய கட்டடத்தில் கதவு நிலை வைக்கிறார். புதன் முதல் வெள்ளி வரை ஒரு ஒப்பந்ததாரருக்காக ஃபிளாட்டில் கிச்சன் வேலை. சனிக்கிழமை செயலியில் மூன்று புக்கிங். அதே கை, அதே கருவிப்பை. சட்டத்தின் கண்ணில் மட்டும் மூன்று ஆட்கள்.

கட்டடத்தில் இருக்கும்போது அவர் கட்டுமானத் தொழிலாளி. ஃபிளாட்டுக்குள் போனதும் நிலைமை மாறுகிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, பத்துப் பேருக்குக் குறைவானவர்களை வைத்துச் செய்யும் வேலையும், ஒருவர் தன் சொந்தக் குடியிருப்புக்காக 50 லட்சம் ரூபாய் வரை செலவழித்துச் செய்யும் வேலையும் கட்டுமான வேலை என்ற வரையறைக்குள்ளேயே வராது. நாட்டில் நடக்கும் ஃபிளாட் இன்டீரியர் வேலைகளில் எத்தனை இந்த இரண்டு வரம்பையும் தாண்டும்? பழைய 1996 சட்டத்தில் சொந்த வீட்டு வேலைக்கான விலக்கு 10 லட்சம் வரைதான் இருந்தது. இப்போது அந்தக் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது.

சனிக்கிழமை அவர் 'பிளாட்ஃபார்ம் தொழிலாளி'. இதற்கு அதே சட்டத் தொகுப்பில் இடம் உண்டு. செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை, தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல், சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கட்ட வேண்டும். வரியிலும் இதே பிரிவினைதான். செயலி வழியே நடக்கும் தச்சு, குழாய் வேலைகளுக்கு ஜிஎஸ்டியைச் செயலி நிறுவனமே கட்ட வேண்டும் என்று 2017-லேயே விதி வந்துவிட்டது. நேரில் கூப்பிட்டால், ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத கார்பென்டருக்கு ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை.

தமிழ்நாட்டில் 1994-ல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் கார்பென்டர்கள் உறுப்பினராகலாம். கிக் தொழிலாளர்களுக்கும் 2023-ல் தனி வாரியம் வந்தது. பெரும்பாலான மாநிலங்களை விட இது மேல். ஆனால் பதிவு செய்வது தொழிலாளியின் பொறுப்பு. கோரக்பூரிலிருந்து வந்து எட்டு மாதம் சோழிங்கநல்லூரில் வேலை செய்துவிட்டு அடுத்து ஹைதராபாத் போகிறவர், எந்த ஊர் வாரியத்தில் எப்போது வரிசையில் நிற்பார்?

18-க்கும் 35-க்கும் நடுவில்

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். வேலை கற்றுக்கொள்வது எங்கே?

பழைய வழி குடும்பம். ஆசாரி வீட்டுப் பையன் ஆசாரி. அந்த வழி அடைபட்டது நல்ல விஷயம். பிறப்பை வைத்து ஒருவர் கையில் உளியைத் திணிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. தங்கள் பிள்ளை கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டும் என்று நினைக்கும் கார்பென்டரைப் பார்த்து "பாரம்பரியம் அழியுதே" என்று வருத்தப்படுகிறவர்கள், தங்கள் பிள்ளையை அந்த வேலைக்கு அனுப்பத் தயாரா? சிக்கல், பழைய வழிக்குப் பதிலாக வேறு வழி போடப்படவில்லை என்பதுதான்.

2023 செப்டம்பர் 17 அன்று மத்திய அரசு பிஎம் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. ஐந்தாண்டுகளுக்கு 13,000 கோடி ரூபாய், 18 தொழில்கள், அதில் தச்சுத் தொழிலும் ஒன்று. கருவிகளுக்கு 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம் கடன், ஐந்து முதல் ஏழு நாள் அடிப்படைப் பயிற்சி, விரும்பினால் 15 நாள் மேல்பயிற்சி, பயிற்சி நாட்களில் தினம் 500 ரூபாய். குடும்பவழித் தொழில் செய்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு எதிர்த்தது. இது குலத்தொழிலுக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு என்பது வாதம். அந்த வாதத்தில் வலு இருக்கிறது. அதற்கு மாற்றாக 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது: 25 தொழில்கள், சாதி, குடும்பப் பின்னணி பார்ப்பதில்லை, 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். குறைந்தபட்ச வயது 35. இளைஞர்கள் படிக்கும் வயதில் படிக்கட்டும் என்பது நோக்கம்.

இரண்டு திட்டமும் மேடையில் எதிரும் புதிருமாக நிற்கின்றன. ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்று: ஏற்கெனவே கார்பென்டராக இருப்பவருக்குத்தான் உதவி. பத்தாம் வகுப்பு முடித்து, கையால் ஏதாவது செய்யப் பிடித்து, அப்பா ஆட்டோ ஓட்டுகிற ஒரு 18 வயதுப் பெண்ணோ பையனோ இந்த வேலைக்குள் நுழைய நினைத்தால், இரண்டிலும் அவருக்குப் பக்கம் இல்லை. ஏழு நாளில் பழைய கைக்குப் புது இயந்திரத்தைக் காட்டலாம். புது கையை உருவாக்க முடியாது.

ஐடிஐ இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. கார்பென்டர் பாடப்பிரிவு ஓராண்டு, எட்டாம் வகுப்பு போதும். ஆனால் ஐடிஐ வாசலில் கூட்டம் எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர் பக்கம்தான். காரணம் எளிது. அந்தச் சான்றிதழுக்கு ஒரு கம்பெனி வேலை காத்திருக்கிறது, மின்வாரியமோ ரயில்வேயோ அதைக் கேட்கிறது. கார்பென்டர் சான்றிதழைக் கேட்பவர் யாரும் இல்லை என்று மேலேயே பார்த்தோம். ஓராண்டு படித்தவரும் படிக்காதவரும் அதே சதுர அடிக் கூலிக்குத்தான் நிற்க வேண்டும்.

மிச்சம் இருப்பது தொழில் பழகுநர் சட்டம். வேலை செய்யும் இடத்திலேயே உதவித்தொகையோடு கற்றுக்கொள்வதற்காக 1961-ல் வந்த சட்டம் இது, தச்சு வேலைக்குப் பொருத்தமான வழியும் இதுதான். 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பழகுநரை எடுப்பது கட்டாயம், 4 பேர் முதல் விருப்பம் என்று 2019-ல் விதியைத் தளர்த்தினார்கள். தச்சுத் தொழில் நடப்பது மேஸ்திரி, இன்னொரு கார்பென்டர், ஒரு உதவியாளர் என்ற குழுவில். எண்ணிப் பார்த்தால் மூன்று பேர். ஒரு ஆள் குறைகிறது.

இந்த இடத்தில் அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குப் புதிய பெயரில் புதிய திட்டம் வேண்டியதில்லை. மூன்று பேர் குழுக்கள் பத்தைச் சேர்த்து ஒரு சங்கமாகவோ, பிளைவுட் கடைகள் நிறைந்த தெருவில் ஒரு பொதுப் பட்டறையாகவோ பதிவு செய்ய அனுமதித்து, அதன் மூலம் பழகுநரை எடுக்கலாம். உதவித்தொகையையும், பையன் கெடுக்கும் பலகையின் விலையில் ஒரு பங்கையும் அரசு ஏற்கலாம். ஒவ்வொரு பிளைவுட் ஷீட்டிலும் 18 சதவீதம் வாங்குகிற கைக்கு அது பெரிய தொகையாக இருக்காது.

வாடிக்கையாளர் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை இன்டீரியர் கொட்டேஷன் வாங்கும்போது பொருள், கூலி இரண்டையும் தனித்தனி வரியில் எழுதித் தரச் சொல்லலாம். டிராயருக்கு எவ்வளவு, கதவுக்கு எவ்வளவு என்றும் பிரிக்கச் சொல்லலாம். முதலில் கார்பென்டரே தயங்குவார், "எப்பவும் சதுர அடிதான் சார் போடுவோம்" என்பார். இரண்டு பேர் கேட்டால் மூன்றாவது ஆளுக்கு அவரே அப்படி எழுதித் தருவார்.

அந்தக் கீலுக்கு வருவோம். ஓட்டை பெரிதாகிவிட்டால் நீளமான ஸ்க்ரூ போடுவதில் பயனில்லை. பழைய கைகள் ஒரு சிறு மரக்குச்சியைச் சீவி, ஃபெவிகால் தோய்த்து ஓட்டையில் அடித்து, காய்ந்ததும் அதிலேயே ஸ்க்ரூவை முடுக்குவார்கள். பத்து நிமிட வேலை. அந்தக் குச்சியை எந்த அளவுக்குச் சீவ வேண்டும் என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது, சின்ன வயதில் பக்கத்தில் உட்காரவைத்த யாரோ ஒரு மேஸ்திரி.